கடல் கரடிக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில், 'பனியில் வாழ்வதால் இதற்குப் பனிக்கரடி என்று பெயர். அறிவியல் பெயருக்கும் அதுவே பொருள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியை விட்டுவிடலாம். இரண்டாம் பாதியை எந்த அகராதியில் பார்த்தீர்கள் என்று சொன்னால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன்.

உர்சஸ் மாரிடிமஸ் என்றால் கடல் கரடி. உங்களுக்குத் தெரியாததா? 1773ல் வட துருவம் நோக்கிக் கப்பலில் போன கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, அடுத்த ஆண்டு தன் பயண நூலில் வைத்த பெயர்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று சிரிக்காதீர்கள். அந்தக் கரடியின் பிழைப்பே கடலை நம்பித்தான். உறைந்த கடலின் மேல், சீல் என்னும் கடல்நாய் மூச்சு விட வரும் துளை அருகே மணிக்கணக்கில் காத்துக்கிடந்து பிடிக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கடல் உருகிக் கரையேறும் கரடிகளுக்குப் பெரும்பாலும் பட்டினிதான். சேர்த்து வைத்த கொழுப்பில்தான் காலம் தள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டம்கூட இதைத் திமிங்கிலத்தோடு சேர்த்துக் கடல் பாலூட்டியாகத்தான் வைத்திருக்கிறது. நான் விலங்கியல் பாடம் எடுத்த காலத்தில், 'பனி உருகினால் கரடிக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்பேன். 'வெயில் தாங்காது சார்' என்பார்கள். வேட்டைக்கு நிற்க இடமே இருக்காது என்று ஒருவருக்கும் தோன்றாது. உங்கள் பக்கத்தைப் படித்து வளர்ந்தால் எப்படித் தோன்றும்?

அது இருக்கட்டும். போன வருடம் உங்கள் அட்டையில் பனிக்கரடியும் பென்குயினும் கைகோத்து நின்றன. ஒன்று வட துருவத்தில், மற்றது தெற்கே. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் உங்கள் அலுவலகத்தில்தான் சந்திக்க வேண்டும். அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அதற்கும் முன்னால், கரடியின் முடி ஒளியிழை போல வெயிலைத் தோலுக்குக் கடத்துகிறது என்று போட்டீர்கள். 1998லேயே சோதனையில் அடிபட்டுப்போன கதை அது. நான் எழுதிய மறுப்புக் கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் மறுப்பை மட்டும் வெட்டிவிட்டு, மரியாதைக்காக எழுதிய 'படங்கள் அருமை' என்ற வரியை விட்டுவைத்தீர்கள்.

சரி, பழையதெல்லாம் போகட்டும். அடுத்த இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது, பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் சந்தாதாரர்