சாவியை எடுத்த பிறகும் இரண்டு நிமிடம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, சாவியை எடுத்த பிறகும் இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் ஒரு டைமர் செய்துகொண்டு, கிடைத்த நேரமெல்லாம் காரோடுதான் இருந்தேன். முட்டி வலி குறைந்து மறுபடியும் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா? முதலில் யாரைக் கூப்பிட்டாள் என்று எழுது.

போன வருடம் என் பழைய டீசல் காரின் டர்போ, அதுதான் எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுமே, அது போய்விட்டது என்று எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்தபோது ஆயில் வரும் துளைக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டிப் பார்த்தேன். அடிப்பிடித்த பாத்திரத்தில் இருக்குமே, அந்த மாதிரி கருகிய பொருக்கு. கறுப்புத் தூளாக உள்ளங்கையில் உதிர்ந்தது. ஷாஃப்டை, அதாவது நடுவில் சுழலும் தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. மகளை முதல் நாள் காலேஜில் கொண்டுபோய் விட்ட கார் இது. மனசு கேட்கவில்லை. புது டர்போ மாட்டிய அன்றே, இனி இதற்கு அந்தக் கதி வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஏற்றத்தில் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் வரும் புகை 600, 700 டிகிரியைத் தொடும். இன்ஜின் ஓடும்வரை ஆயில் வந்து வந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். வேகமாக வந்து நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினால் ஆயில் பம்ப் நின்றுவிடும், இரும்பில் ஏறிய சூடு போகாது. அது ஷாஃப்ட் வழியாகப் பேரிங் பக்கம் இறங்கி, அங்கே தேங்கிய ஆயிலைக் கருக்கிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டால் இது நடக்காது. டீசலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஐடிலில் துளி டீசல்தான் உள்ளே போகிறது, காற்றோ தடையில்லாமல் முழுசாகப் போகிறது. அதனால் புகை சீக்கிரம் ஆறிவிடும்.

சரி, டைமருக்கு வருகிறேன். நாம் படிக்கும்போது விளக்கை மினுக்க வைத்து விளையாடிய, நேரம் எண்ணும் அதே 555 ஐசிதான். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டையும் பெருக்கி, அதை 1.1-ஆல் பெருக்கினால் 110 வினாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தால் 126 வந்தது. இந்த வகைக் கெப்பாசிட்டர் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், நம் வேலைக்கு அது போதும். 555-ஐ எடுத்ததற்கு முக்கியக் காரணம், அது சப்ளை வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று விகிதத்தைத்தான் பார்க்கிறது. பேட்டரி 12 வோல்ட் கொடுத்தாலும் ஆல்டர்னேட்டர் 14.4 கொடுத்தாலும் நேரம் மாறாது. ஐசியின் அவுட்புட் ஒரு டிரான்சிஸ்டரை ஓட்டுகிறது, டிரான்சிஸ்டர் ரிலேயை, அதாவது காயிலில் கரண்ட் போனால் இணையும் ஸ்விட்சை. ரிலே காயிலின் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு கட்டாயம் போடணும், இல்லையென்றால் காயில் விடும்போது எகிறும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

என் காரில் டீசல் பம்பின் மேல் ஒரு ஸ்டாப் சோலினாய்டு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வு இருக்கிறது. 12 வோல்ட் இருக்கும்வரை டீசல் போகும், போய்விட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக அந்த ஒயருக்கு ஒரு இணைப்பு கொடுத்தேன். முதல் சோதனை. சாவியைத் திருப்பி எடுத்தேன். இன்ஜின் அசையாமல் ஓடியது. கையில் சாவி, காதில் இன்ஜின் சத்தம், அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! இரண்டு நிமிடம் ஆனது, மூன்று ஆனது, நிற்கவே இல்லை. டாஷ்போர்டு விளக்குகளும் அணையவில்லை. நாலாவது கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை விட்டு அணைத்தேன்.

நின்று யோசித்ததும் புரிந்தது. ரிலே கொடுக்கும் கரண்ட் அதே ஒயர் வழியாகச் சாவி லைனுக்குத் திரும்பிப் போகிறது. சாவியை எடுத்துவிட்டார்கள் என்பதை டைமர் அந்த லைனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். அதுவே அங்கே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தால் எண்ண ஆரம்பிப்பது எப்போது? சாவிக்கும் சோலினாய்டுக்கும் நடுவில் ஒரு மூன்று ஆம்ப் டயோடு, டைமருக்கான சிக்னல் டயோடுக்குச் சாவிப் பக்கத்திலிருந்து. அவ்வளவுதான், சரியாகிவிட்டது. பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். ஹேண்ட்பிரேக் லீவருக்கு அடியில் தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, ரிலே காயிலின் எர்த்தை அதன் வழியாகக் கொண்டுபோயிருக்கிறேன். பிரேக் இழுத்திருந்தால்தான் டைமர் பிடிக்கும், யாராவது இறக்கினால் அந்த நொடியே இன்ஜின் நிற்கும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அந்த நிலையில் ஓடும் இன்ஜினோடு கார் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். கியரை நியூட்ரலில் போடுவது மட்டும் நம் கையில். அப்புறம், மூடிய ஷெட்டுக்குள் இது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வெளியே நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு இறங்கி, இன்ஜின் அடங்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

உண்மையில், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலே டர்போ பாதி ஆறிவிடும். தினமும் அப்படித்தான் வருகிறேன். ஏற்றம் ஏறிய உடனே நிறுத்த வேண்டிய நாளுக்கும், அவசரத்தில் மறக்கும் நாளுக்கும்தான் டைமர்.

உன் காருக்கும் ஒன்று செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. முதலில் ஒரு காரியம் செய். ஐடிலில் ஓடவிட்டு டீசல் பம்பின் மேல் இருக்கும் ஒற்றை ஒயரைப் பிடுங்கிப் பார். இன்ஜின் நின்றால் என்னுடையது மாதிரிதான். ஒயரே இல்லாமல் மெல்லிய ரப்பர் ஹோஸ் மட்டும் போனால், பழைய மெர்சிடிஸ் டீசல்களைப் போல வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில் அணைகிற வகை. அதற்கு ரிலேயோடு ஒரு வேக்குவம் வால்வும் வேண்டும், சர்க்யூட்டைக் கொஞ்சம் மாற்றுவேன். எது என்று எழுது. இன்னொரு போர்டில் ஐசி சாக்கெட் வரை சால்டர் செய்து வைத்துவிட்டேன், உன் பதிலுக்காகத்தான் மேசை மேல் காத்திருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்