காது மெசின் வாங்குமுன்: மட்டக்களப்புக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் ரகு,

உன் கடிதமும், காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஓடியோகிராம் படமும் கிடைத்தன. மகள் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டாள் என்று இங்கே எல்லோருக்கும் சந்தோசம். கொழும்பில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, காலி வீதியின் கோலம் உனக்குத் தெரிந்ததுதான். ஜெயன் தை மாதம் கனடாவில் இருந்து வருகிறானாம். நீயும் அந்த நேரம் பார்த்து வந்தால் மூன்று பேரும் ஒரு நாள் சேரலாம். சரி, காதுக்கு வருவோம். கேட்க உதவும் காது மெசின் வாங்கக் கொழும்புக்கு வருமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய்.

படத்தில் சிவப்பு வட்டம் வலக் காது, நீலப் பெருக்கல் குறி இடக் காது. இடமிருந்து வலம் போகச் சுருதி ஏறுகிறது (அதன் அளவு ஹேர்ட்ஸ்). கோடு கீழே இறங்க இறங்க, அந்தச் சுருதியைக் கேட்க உனக்குக் கூடுதல் சத்தம் (அதன் அளவு டெசிபெல்) தேவைப்படுகிறது என்று எடு. உனக்கு 500 ஹேர்ட்ஸில் 20 டெசிபெல், 1000இல் 25. அதுவரை சொல்லும்படியான குறை இல்லை. பிறகு 2000இல் 45, 4000இல் 60, 8000இல் 65. இரண்டு காதும் ஒன்றுபோலச் சரிகின்றன. எலும்பு வழியாகச் சோதித்த குறிகளும் அதே கோட்டிலேயே விழுந்திருப்பதால் குறை உள்காதில். மருந்தோ ஒப்பரேசனோ இதற்கு உதவாது, மெசின்தான் வழி.

பேச்சின் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பவை. க, ச, த, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் ஒலிகளின் கூர்மை 2000க்கு மேலே இருக்கிறது, ஆங்கிலத்து எஸ், எஃப் இன்னும் மேலே. அதனால்தான் ஆள் கதைப்பது கேட்கிறது, கதைப்பது என்னவென்று விளங்குவதில்லை. பத்தும் கத்தும் ஒன்றாகிவிடும். வங்கிக் கவுண்டரில் உனக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி மறைப்பது இதே உயர்ந்த சுருதிகளைத்தான், மேலே மின்விசிறியும் சுற்றினால் சொல்லவே வேண்டாம்.

"மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை, உரத்துச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்கிறார்" என்று சாந்தி முறையிட்டதாக எழுதியிருந்தாய். அது குணம் இல்லை மச்சான், உள்காதின் அமைப்பு. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்க்கலங்கள் உண்டு. மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. அவை பழுதானால் மெல்லியது காணாமல் போகும், பெரிய சத்தம் மட்டும் முன்போலவே பெரிதாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஆகவே மெசின் மெல்லிய சத்தத்தை நிறையவும், நடுத்தரத்தைக் கொஞ்சமும் கூட்ட வேண்டும், பெரிய சத்தத்தை ஏறக்குறைய அப்படியே விட வேண்டும். அதுவும் சுருதிக்குச் சுருதி வேறு வேறு அளவில். புறக்கோட்டையிலும் இணையத்திலும் விற்கிற மலிவு அம்பிளிபையர்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கூட்டுகின்றன. உன் 500 ஹேர்ட்ஸுக்குக் கூட்டல் தேவையே இல்லை. அதையும் ஏற்றினால் பஸ் இரைச்சல்தான் வளரும், சொல் இன்னும் அடியில் போகும்.

எந்தக் கொம்பனி மெசின் நல்லது என்று கேட்டிருந்தாய். பெரிய கொம்பனிகள் எல்லாமே உனக்குப் போதுமான மெசின் செய்கின்றன. பொருத்துகிற ஆள் உன் காதில் வைத்து அளந்து பார்ப்பாரா, பிறகு நீ திரும்பத் திரும்ப வந்தால் திருத்திக் கொடுப்பாரா என்பதில்தான் காசின் பெறுமதி இருக்கிறது. சத்தத்தைச் சுருதிவாரியாகப் பிரித்துக் கையாளும் 16 சனல், 24 சனல், செயற்கை நுண்ணறிவு என்று அடுக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டு, "ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வீர்களா?" என்று ஒரு கேள்வி கேள். மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீற்றர் தூரம் வரை வைத்து, மெசினையும் மாட்டி, மெதுவான, வழமையான, உரத்த பேச்சு மூன்றையும் ஸ்பீக்கரில் போடுவார்கள். உன் செவிப்பறைக்கு உண்மையில் எத்தனை டெசிபெல் போகிறது என்று திரையில் கோடு வரும். அது, உன் குறைக்கு எவ்வளவு சத்தம் தேவை என்று கணக்கிடும் என்ஏஎல்-என்எல்2 போன்ற சூத்திரம் கேட்கிற கோட்டோடு பொருந்தும் வரை திருத்துவார்கள். இதைச் செய்யாவிட்டால் கொம்பியூட்டர் சராசரிக் காது ஒன்றை மனதில் வைத்து ஊகிக்கும். காதுக் குழாயின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் 4000 ஹேர்ட்ஸ் பக்கம் 10 டெசிபெல் வரையும் தவறலாம். உனக்குக் குறை இருப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

அதற்கு முன் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணி (முன்கூட்டியே நேரம் பதிந்து) காட்டு. தேசிய வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனாலும் சரி. காதுக்குள் அழுக்கு அடைத்திருந்தால் சோதனையும் பிழைக்கும், மெசினும் விசிலடிக்கும். ஒரு காது மட்டும் மோசமாக இருந்தாலோ, சீழ், தலைசுற்று, நாடித் துடிப்போடு சேர்ந்த இரைச்சல் இருந்தாலோ மெசின் பேச்சையே எடுக்கக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். இரண்டொரு நாளுக்குள் திடீரென்று ஒரு காது அடைபட்டுப் போனால் அது அவசர நோய், தாமதிக்காமல் உடனே வைத்தியரிடம் போனால்தான் ஸ்டீரொயிட் மருந்து பலன் தர நல்ல வாய்ப்பு. இது உனக்காக இல்லை, வங்கியில் யாருக்காவது நேர்ந்தால் சொல்ல.

சோதிப்பவர் செவிப்புலன் சோதனைக்கென்று படித்த ஓடியோலொஜிஸ்டா, விற்பனையாளரா என்றும் கேள். ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் பட்டம் படித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சொல் விளங்கும் சோதனையைத் தமிழிலேயே செய்யச் சொல். சிங்களச் சொற்பட்டியலில் நீ எடுக்கிற வீதம் காதின் குறையையும் மொழிப் பழக்கத்தையும் கலந்துதான் காட்டும்.

உன் சரிவுக்கு ஏற்றது ரிக் வகை. மெசின் காதுக்குப் பின்னால், மெல்லிய வயர், நுனியில் காதுக்குள் போய்ச் சத்தத்தைக் கொடுக்கும் சின்ன ரிசீவர், அதில் ஓட்டையுள்ள சிலிக்கோன் மூடியான டோம். தாழ்ந்த சுருதி அந்த ஓட்டையால் இயல்பாகவே உள்ளே வரும், உன் சொந்தக் குரலும் அதால் வெளியே போகும். ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று முழுக்கக் காதுக்குள் போகிற வகையைக் கேட்காதே. குழாய் அடைபட்டால் எலும்பு வழியாக வரும் உன் குரல் உள்ளேயே சிக்கி, குடத்துக்குள் கதைக்கிற மாதிரி இருக்கும். உன்னைப்போல 500இல் நல்ல காது உள்ளவர்கள் கழற்றி மேசை லாச்சியில் போடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இரண்டு காதுக்கும் வாங்கு. ஒன்று மட்டும் போட்டால் திசை பிடிபடாது, காலி வீதியைக் கடக்கும்போது ஓட்டோ எந்தப் பக்கம் வருகிறது என்பதே குழம்பும்.

சார்ஜ் செய்வதா, பற்றரி மாற்றுவதா? சார்ஜ் வகை மூன்று நான்கு மணித்தியாலம் ஏற்றினால் ஒரு முழு நாள் ஓடும். மின்வெட்டை நினைத்து, தனக்குள்ளேயே பற்றரி உள்ள சார்ஜர் பெட்டியாக எடு. நாலைந்து வருடத்தில் அதன் தெம்பு குறையும், அதை மாற்ற என்ன செலவு என்று இப்போதே கேள். மாற்றும் வகையென்றால் உன்னுடையது அநேகமாக 312, மண்ணிற ஒட்டுத்தாள். ஒட்டை உரித்தவுடன் மூடிவிடாதே. துளை வழியாகக் காற்றுப் போய்த்தான் அது உயிர்பெறும், இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடு. உரித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. அதிகம் போனால் ஒன்றரைக் கிழமை, புளூடூத்தில் நிறையக் கதைத்தால் நாலைந்து நாள்.

காசு கொடுக்குமுன் உன்னுடைய போனோடு இணைத்துக் காட்டச் சொல். சில மெசின் ஐபோனோடு ஒழுங்காகப் பேசும், அன்ட்ரொயிடில் முரண்டு பிடிக்கும். உனக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சில கடைத்தொடர்கள் தங்கள் மெசினைத் தங்கள் கிளைகளைத் தவிர வேறு எவரும் திருத்த முடியாதபடி பூட்டி விற்கின்றன. மட்டக்களப்பில் இருக்கிற உனக்கு அது ஆகாது. பூட்டில்லாததை எடு. போனில் உள்ள செயலி வழியாகத் தூரத்தில் இருந்தே திருத்துகிற வசதி உண்டா என்றும் கேள். சின்னத் திருத்தங்களுக்கு அது போதும், ரயில் காசு மிச்சம். தவணைப் பரீட்சை போல எத்தனை தடவை இலவசமாகப் பார்ப்பார்கள், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருவார்கள், வொரண்டி ரிசீவரையும் சேர்த்தா என்பதையெல்லாம் பில்லில் எழுதி வாங்கு.

பொருத்தின அன்றைக்கே உதயதேவி ரயிலில் ஏறிவிடாதே. குளிரூட்டிய அறையில் எல்லா மெசினும் நன்றாகத்தான் கேட்கும். நாலைந்து நாள் எங்கள் வீட்டில் நின்று, அதைக் காதில் போட்டபடி வெள்ளவத்தைச் சந்தைக்குப் போ, 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறு, மயூரபதி அம்மன் கோயில் பூசைக்கு நில், கடலோர ரயில் போகும்போது வெளியே நின்று பார். பெரிய சத்தம் வலிக்கிற அளவுக்குப் போனால் உச்ச வரம்பைக் குறைக்க வேண்டும், அதைப் பொறுத்துக்கொண்டு பழகத் தேவையில்லை. பழக வேண்டியவை வேறு: தண்ணீர்க் குழாய், பேப்பர் புரட்டும் சத்தம், பிரிட்ஜ், தட்டு முட்டு. வருடக்கணக்காகக் கேட்காததால் மூளைக்கு அவற்றைத் தள்ளி வைக்க மறந்துபோயிருக்கும். சில கிழமைகள் போகும். விசேசத்துக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வரவே வராது, காலையில் முகம் கழுவியதும் போட்டு இரவில் கழற்று. பொதுவாகச் சூத்திரம் கேட்பதில் எழுபது எண்பது வீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள், ஆகவே முதல் நாளே முடிவு சொல்லாதே.

ஒரு சின்னக் கொப்பி வைத்திரு. "சரியில்லை" என்று எழுதினால் எவராலும் திருத்த முடியாது. எங்கே, யார், எந்தச் சத்தம் என்று எழுது. தகரத்தில் தட்டுவதுபோல இருக்கிறது என்றால் உயர்ந்த பக்கம் கூடிவிட்டது. சொந்தக் குரல் குடத்துக்குள் என்றால் டோம் இறுக்கம், அல்லது தாழ்ந்த பக்கம் கூடியிருக்கிறது. சத்தம் தாராளம், சொல் விளங்கவில்லை என்றால் பெரும்பாலும் உயர்ந்த பக்கம் போதவில்லை. பாட்டுக்கென்று மெசினில் ஒரு தனி நிகழ்ச்சி (புரோகிராம்) போடச் சொல். தம்புராச் சுருதி, புல்லாங்குழல் போன்ற நீண்ட ஒலியை மெசின் தன்னுடைய விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும், ஸ்வரம் நடுங்கும். அந்த நிகழ்ச்சியில் விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் தளர்த்தி வைப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் இரைச்சல் உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார், முன்னால் வருகிற பேச்சைத்தான் மைக் தெரிந்தெடுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் விழும் என்பதால் பக்கத்து அறையில் இருந்து கூப்பிட்டுக் கதைப்பதை வீட்டில் எல்லோரும் விட வேண்டும். மெசினால் அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது.

பழுது என்று கொண்டுவருகிறவற்றில் பலவற்றுக்குக் காரணம் அழுக்கும் ஈரமும்தான். சத்தம் குறைந்தால் முதலில் சார்ஜ், அடுத்து ரிசீவர் நுனியில் இருக்கிற வெள்ளைப் பொட்டு மாதிரி வக்ஸ் கார்ட், காது அழுக்கைத் தடுக்கும் சின்ன வடிகட்டி. அதை மாற்றுகிற குச்சியின் ஒரு முனை வெறுமையாக இருக்கும், அதைக் குத்திப் பழையதை இழு. மறு முனையைத் திருப்பி அழுத்தினால் புதியது உட்காரும். மாதம் ஒருமுறை மாற்று. கொம்பனிக்குக் கொம்பனி அளவு வேறு, போகும்போது ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கிப் போ. விசிலடித்தால் டோம் ஆழமாகப் போகவில்லை, அல்லது காதில் அழுக்கு. டோம் கழன்று காதுக்குள் நின்றால் கொண்டையூசியோடு போராடாதே, வைத்தியர் அரை நிமிடத்தில் எடுப்பார். கடலோர ஈரத்துக்கு இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் போத்தல் போதும். பற்றரி வகையென்றால் பற்றரியை வெளியே எடுத்துவிட்டு வை, காய்ந்த காற்று அதை உலர்த்திவிடும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குப் பிறகு தலை நன்றாகக் காய்ந்த பின் மாட்டு, மைக் துளைக்குத் தேங்காய் எண்ணெய்தான் பெரிய எதிரி. காதுக்குள் எண்ணெய் விடுகிற பழக்கம் இனி வேண்டாம். ஹெல்மெட் போடுமுன் கழற்றிப் பெட்டியில் வை. ஹெல்மெட்டைக் கழற்றும்போதும் மாஸ்க்கை இழுக்கும்போதும் விழுந்து தொலையலாம்.

வரும்போது ஓடியோகிராமின் அசல், குடிக்கிற மாத்திரைகளின் துண்டு, உன் போன், மூக்குக் கண்ணாடி எல்லாம் கொண்டு வா. சாந்தியையும் கூட்டி வா. பொருத்திய பிறகு உனக்குப் பழகிய குரலில்தான் சரிபார்க்க வேண்டும், எங்கள் குரல் அதற்கு உதவாது. திகதியை முன்கூட்டியே அறிவித்தால் சனல் நம்பரும் ஒழுங்கு செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
சிவா

பி.கு: பற்றரி வகை எடுத்தால், தங்கச்சியின் சின்னவன் வீட்டுக்கு வருகிற நாட்களில் பழையதையும் புதியதையும் பூட்டி வை. பிள்ளை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சுட்டுவிடலாம், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.