சாயம் அடிப்பதற்கு முன் சுவரைச் சோதியுங்கள்: ஜோர்ஜ்டவுன் கடைவீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் உரிமையாளர்கள், அவற்றை நிர்வகிக்கும் அறங்காவலர்கள், வாடகை முகவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். லெபோ பாசாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக வாழும் வாடகைக்காரர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் பூஞ்சணம் கண்டால், சாயக்காரரையோ மருந்தடிப்பவரையோ அழைப்பதற்கு முன், அந்த வேலையில் எந்த ஆதாயமும் இல்லாத ஒரு தொழில்முறை ஆய்வாளரை வரவழைத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த அறிக்கையின் நகலை அங்கே குடியிருப்பவருக்கும் கொடுங்கள்.

இப்போது நடப்பதை நீங்களும் அறிவீர்கள். பினாங்கில் கனத்த மழை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்கிறது; தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது. ஆண்டிலேயே சுவர் அதிகமாக நனைந்திருக்கும் அந்த வாரங்களில், கறுத்த இடத்தைக் குளோரோக்ஸ் வெளுப்புநீர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, மேலே பளபளப்பான பிளாஸ்டிக் சாயத்தை இரண்டு கை ஓட்டி, வீடு புதுசாகிவிட்டது என்று நீங்களும் நாங்களும் திருப்தி அடைகிறோம். தைப்பூசத்துக்குள் அதே இடத்தில் சாயம் கொப்புளித்து உரிந்து, உள்ளே பொடிந்த காரை தரையில் கொட்டத் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டும் அதே சுவர், அதே சாயக்காரர், அதே பற்றுச்சீட்டு.

இந்தச் சுவர்கள் எதனால் ஆனவை என்பதை நினைவில் வைத்தால் காரணம் விளங்கும். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த கடைவீடுகள் பெரும்பாலும் மென்மையான செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டப்பட்டவை. நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் அவற்றின் அடிச்சுவரில் பொதுவாக இருப்பதில்லை. கடலோரத் தாழ்நிலத்திலிருந்து ஓதம், அதாவது நிலத்து ஈரம், சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரை அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். அந்த ஏற்பாட்டில்தான் அவை நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கின்றன. பிற்காலத்தில் சிமெண்டு பூசி மெழுகியபோது, ஏறும் நீர் வெளியேறும் வழி அடைபட்டது. அது இன்னும் மேலே ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படியவிட்டு, பூச்சையே தள்ளி உரிக்கிறது. உள்முற்றத்தின் தலையில் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியது அதற்கு அடுத்த தீங்கு. மழை உள்ளே விழாமல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நீளமும் இருட்டுமான இந்த வீடுகளுக்குள் காற்று இறங்கவும் ஏறவும் விடப்பட்ட ஒரே வெளி அதுதான். ஓர் அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்கும், தடையின்றிக் காற்று புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது என்பது மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளில் உள்ள அளவு. பலகைத் தடுப்பால் மூன்று அறைகளாக்கப்பட்ட மேல்மாடியின் நடு அறையில் அந்த அளவைத் தேடிப் பயனில்லை.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்துத் துணிக்கடைக்காரர், சேலைக்கட்டுகளின் அடிமடிப்பில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்து சரக்கு வீணானபோது, சொந்தச் செலவில் ஒரு கட்டடச் சர்வேயரை அழைத்தார். வந்தவர் முதலில் சுவரைத் தொடவே இல்லை. வெளியே போய், கடை முகப்பின் ஐந்தடி நடைபாதையிலிருந்து மேலே பார்த்தார். பின்சந்துக்குப் போய்ச் சாக்கடை ஓடும் உயரத்தைப் பார்த்தார். வாடை எந்த மாதத்தில் அதிகம், மழை பெய்த அன்றைக்கா மறுநாளா, எந்த அறையில் ஏர்கோன் ஓடுகிறது, இரவில் எத்தனை பாகையில் வைக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் விரல்முட்டியால் காரையைத் தட்டிக்கொண்டே நடந்து, பொள்ளலாக ஒலித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். சுவரோடு ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தச் சொன்னார். அதன் பின்பலகை முழுவதும் சாம்பல்பச்சையாகப் பூத்திருந்தது. முன்பக்கத்தைத் தினமும் துடைத்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

கீழ்த்தளத்தில் ஈரம் தரையிலிருந்து இடுப்பளவு ஏறி, ஏறத்தாழ ஒரே கோடாக நின்றது. அது நிலத்து ஓதம். மேல்மாடியில் சரக்கு இருந்த மூலையில் அது மேலிருந்து கீழாக விரிந்து இறங்கியிருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, இரண்டு வீட்டுக் கூரைகளும் சேரும் இடத்துத் தகரக் கால்வாயைப் புறாக்கூடும் சருகும் அடைத்திருந்தன; நிரம்பிய மழைநீர் பொதுச்சுவரின் தலை வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது காரணத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏர்கோன் அறைக்கும் சரக்கறைக்கும் இடையே இருந்த ஒட்டுப்பலகைத் தடுப்பு, சரக்கறைப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது. 28 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 24 பாகைக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீர் கோத்துவிடும். பினாங்கு இரவுகளுக்கு அது சாதாரணக் காற்று. எனவே குளிர்ந்த அறை சுத்தமாக இருக்க, அதன் மறுபுறத்தில் பூஞ்சணம் வளர்ந்தது.

ஒரே வீட்டில் மூன்று ஈரங்கள். மூன்றுக்கும் வேறு வேறு வேலைகள்: சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் காரைக்குத் திரும்புவது, கூரைக் கால்வாயைத் துப்புரவாக்கிச் செப்பனிடுவது, தடுப்பை மாற்றுவது அல்லது ஏர்கோனின் பாகையை உயர்த்துவது. மருந்தடித்திருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது. இரண்டாவது வேலைக்கு ஓர் ஏணியும் ஒரு முற்பகலும் போதுமாயிருந்தன.

கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கருவியைக் காட்டியே பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானி மரத்துக்கென்று அளவிடப்பட்டது. செங்கல் சுவரில் அது காட்டும் எண், ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட மட்டுமே உதவும். உப்புப் பூத்த சுவரில் அந்த உப்பே மின்சாரத்தைக் கடத்துவதால், இருப்பதைவிட அதிக ஈரம் இருப்பதாகக் கருவி காட்டும். ஐயம் தீர வேண்டுமானால், சுவரைத் துளைத்து எடுத்த தூளைக் கால்சியம் கார்பைடுடன் ஒரு மூடிய கலத்தில் கலந்து, எழும் வாயுவின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அல்லது அந்தத் தூளை ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி எடைக் குறைவைப் பார்க்க வேண்டும். வெப்பப் படக்கருவியும் குளிர்ந்த இடத்தைத்தான் காட்டும். குளிர்ச்சி ஈரத்தால் வந்ததா என்பதை வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டும். இதையெல்லாம் கேட்காமலே எடுத்துச் சொல்கிற ஆய்வாளரை நம்பலாம்.

காற்று மாதிரி எடுப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவை, ஒரு கனமீட்டர் காற்றில் வளரக்கூடிய பூஞ்சைகளின் எண்ணிக்கைக்கு 1,000 என்ற எல்லையை வைத்திருக்கிறது. அது வேலையிடங்களுக்காக வகுக்கப்பட்டது. முற்றம் திறந்த கடைவீட்டில், வெளிக்காற்றிலேயே வித்துகள் மிதக்கும் ஊரில், அதே நேரத்தில் வெளியே எடுத்த மாதிரியோடு ஒப்பிடாமல் உள்ளே எடுத்த ஒற்றை மாதிரி எதையும் நிறுவாது. கண்ணுக்கே தெரிகிற பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் மாதிரிச் சோதனை தேவையில்லை என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கூறுகிறது. கறுப்பாக இருந்தால் நச்சு என்று நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் பிழை. கறுப்பாக வளரும் இனங்கள் பல.

ஆய்வும் வைத்தியமும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலவச ஆய்வு என்று சொல்லி என் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அலமாரியை நகர்த்தவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, ஏர்கோனைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரை ஒரு நோட்டம் விட்டு, மேல்மாடி முழுவதற்கும் புகைமருந்து அடிக்கும் விலைப்பட்டியலை நீட்டினார். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. சுவர் ஈரமாக இருக்கும் வரை அதன் மேல் புதியது முளைக்கவும் செய்யும். அப்படிப்பட்ட விலைப்பட்டியலுக்கு உங்களில் யாராவது பணம் கட்டியிருந்தால், அந்த வெள்ளி எங்கே போயிற்று என்பதை இப்போது கணக்குப் பார்க்கலாம்.

உடல்நலத்தைப் பற்றி மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, ஈர வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா கடுமையாதல் ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதற்குப் போதிய சான்று இருப்பதாகச் சொல்கிறது. பூஞ்சணம் இந்த அளவுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்ற எண் எதையும் அது தரவில்லை. ஈரத்தைத் தடுக்கவும், தங்கிவிட்டால் அகற்றவும்தான் சொல்கிறது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டில் நீண்டகாலம் பூஞ்சணத்துக்கு ஆளானதே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2023-இல் அங்கே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் முதல், சமூக வீடமைப்பு உரிமையாளர்கள் கடுமையான ஈரம், பூஞ்சணப் புகார்களை 10 வேலைநாள்களுக்குள் விசாரித்து, முடிவை வாடகைக்காரருக்கு எழுத்தில் தர வேண்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின்படி, மேல்வீட்டிலிருந்து நீர் கசிவதாக அறிவித்தால், நிர்வாகம் 7 நாள்களுக்குள் ஆய்வு செய்து, அதன் பிறகு 5 நாள்களுக்குள் காரணத்தையும் பொறுப்பாளரையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நிலவீடுகளான நம் கடைவீடுகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் அதே கெடுவை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

செலவு பற்றி நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வரும் வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது என்று உரிமையாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு 1999 முடிவோடு போய்விட்டது. 2008-இல் இந்த நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பின் பல தெருக்களில் வாடகை என்ன ஆயிற்று என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். முற்றத்தை மூடச் சொன்னது பல வீடுகளில் வாடகைக்காரர்களே; ஈரத்துணியை அறைக்குள் உலர்த்துவதும், ஏர்கோனை 18 பாகையில் விட்டுத் தூங்குவதும் நாங்கள்தான். அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் நாங்களும் ஏற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் ஏற்று, பயன்பாட்டால் வந்தது என்று அறிக்கை சொல்லும் பகுதியைச் சரிசெய்யும் செலவை வாடகைக்காரர் ஏற்பது நேர்மையான பங்கீடாக எனக்குத் தோன்றுகிறது.

பொதுச்சுவர்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. ஒரு வீட்டின் பூஞ்சணத்துக்குக் காரணம் அடுத்த வீட்டுக் கூரையில் இருக்கும்போது, ஒரு கதவுக்குள் மட்டும் செய்யும் ஆய்வு பாதியில் நின்றுவிடும். அண்டைவீட்டு உரிமையாளர் ஏணி வைக்க அனுமதி தர வேண்டும், அவருடைய குத்தகையாளர் சில ஓடுகளைப் பெயர்த்து வைக்க வேண்டும். உங்களில் சிலரிடம், குறிப்பாக அறக்கட்டளைகளிடம், ஒரே வரிசையில் அடுத்தடுத்துப் பல கதவுகள் இருக்கின்றன. யாரையும் கெஞ்சாமல் ஒரு முழு வரிசையையும் ஒன்றாகச் சோதிக்க உங்களால் முடியும். ஆகவே தொடக்கம் உங்களிடமிருந்து வர வேண்டும்.

கூரைக் கால்வாய்களை ஆகஸ்டு முடிவதற்குள், மழைக்கு முன் பாருங்கள். சுவர்களை மழைக்காலத்தின் நடுவில், ஈரம் தன் வழியைக் காட்டும் நேரத்தில், இன்னொரு முறை பாருங்கள். இந்த ஆண்டுச் சாய வேலையை அந்த இரண்டாவது அறிக்கை வரும்வரை தள்ளி வையுங்கள். தீபாவளிக்குச் சாயம் அடிக்கவில்லை என்று நாங்கள் யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆய்வு நடக்கும் நாளை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அலமாரிகளை நகர்த்தி, சாமிப் படங்களைக் கழற்றி, சுவரை வெறுமையாக்கி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
லெபோ பாசார் மேல்மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு.