"முழு உடை கட்டாயம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்

நீலகிரிக் கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கு, குன்னூர் தையற்காரி ஒருத்தியின் திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கலைவிழா நெருங்கினால் என் கடைக்கு வரும் பிள்ளைகள் அளவு கொடுக்கும் முன்பே செல்போனை நீட்டுகிறார்கள். தோளில் கவசம், முழங்கால் வரை கோட்டு, இடுப்பில் நாலு பெல்ட். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் கோயம்புத்தூர் இறங்க வேண்டும். தைத்து முடித்தால், அந்த உடையின் ஆயுள் ஒரே ஒரு பிற்பகல். அதற்காக அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய பணத்தை எண்ணி வைக்கும்போது சில பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இத்தனைக்கும் காரணம், காஸ்ப்ளே, அதாவது கதை, படங்களில் வரும் ஆள் போல வேடமிட்டு நிற்கும் புகைப்படப் போட்டிக்கான அறிவிப்பில் நீங்கள் போடும் ஒரு வரி: "முழு உடை கட்டாயம்." அதை எடுத்துவிட்டு, "வீட்டில் இருக்கும் துணியே போதும்" என்று எழுதுங்கள். இதனால் முதலில் குறைவது என் வருமானம்தான். தெரிந்தேதான் கேட்கிறேன்.

இது ஒன்றும் கஞ்சத்தனத்தில் பிறந்த யோசனை இல்லை. டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வேடம் போட்டு வரக்கூடாது என்று விதி. அங்கே போகும் ரசிகர்கள் அதற்கொரு வழி கண்டார்கள். கதாபாத்திரத்தின் நிறங்களைச் சாதாரண உடையிலேயே உடுத்திப் போவது. 2011இல் லெஸ்லி கே என்ற பெண் 'டிஸ்னிபவுண்ட்' என்று பெயரிட்டு இதைப் பரப்பினார். வேடம் கூடாது என்று கதவைச் சாத்தியதால்தான் கற்பனை வேறு பக்கம் ஓடியது. நீங்களோ வேடம் கட்டாயம் என்கிறீர்கள். கற்பனைக்குப் பதில் கூரியர் பார்சல் வருகிறது.

ஸ்னோ ஒயிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீல மேற்சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன். எந்த வீட்டிலும் ஒரு நீலச் சுடிதார் டாப் இருக்கும். மஞ்சள் புடவையை இரண்டாக மடித்து, இடுப்பில் டக் பிடித்து ஊக்குக் குத்தினால் பாவாடை. பள்ளிக்கூட நாளின் சிவப்பு ரிப்பன் பீரோவில் எங்கோ கிடக்கும். நம்ம ஊர் ஆள் வேண்டுமா, கண்ணகி இருக்கிறாள். விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு. புடவை எதுவாக இருந்தால் என்ன, கூட்டம் பெயர் சொல்லிவிடும். ஆளை முதலில் காட்டிக்கொடுப்பது உருவத்தின் வெளிக்கோடு. நிறம் அதற்கு அடுத்தது. பிறகு கையிலோ தலையிலோ ஒரே ஒரு பொருள். பொருட்கள் கூடக் கூட ஆள் காணாமல் போய்விடுவார்.

இதில் நம் மலைக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. ஏப்ரல் மாதத்தில் மதுரையில் ஒரு பிள்ளை நீளக் கோட்டும் மப்ளரும் போட்டுக்கொண்டு நின்றால் மயங்கி விழும். நமக்கு ஸ்வெட்டர், ஜெர்கின், குல்லா, கம்பூட்ஸ் எல்லாம் அன்றாடம். ஊட்டி திபெத்தியர் கடைகளில் எடுத்த மப்ளர் வீட்டுக்கு நாலு இருக்கும். வேட்டிக்கு மேல் தாத்தா போடும் அந்தக் கறுப்புக் கோட்டு போதாதா? காலரைத் தூக்கிவிட்டு, கை நீளத்தை உள்ளே மடித்துக் கச்சா தையல் போட்டால் துப்பறிவாளர் தயார். தயவுசெய்து கத்திரி மட்டும் வைக்காதீர்கள். கச்சா தையலை மறுநாள் காலை உருவிவிடலாம். அடுத்த கல்யாணத்துக்குத் தாத்தாவுக்குக் கோட்டு வேண்டும்.

படமெடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடுபனியில் சாம்பலும் வெள்ளையும் கரைந்துவிடும். கடுகு மஞ்சள், அரக்குச் சிவப்பு நிற்கும். துணியைத் தேர்வு செய்யும்போதே இதை யோசிக்க வேண்டும். பனி வெளுப்பாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். உச்சி வெயிலை விட, பனி லேசாக இருக்கும் நேரம் முகத்துக்கும் நல்லது, துணியின் மடிப்புக்கும் நல்லது.

புதிய விதியில் ஒன்றைக் கண்டிப்பாகச் சேருங்கள். வீட்டுத் துணி என்றதும் யாராவது நம் மலைப் பழங்குடியான தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு 'காட்டுராணி' என்று வந்து நிற்கப் போகிறார்கள். தோடப் பெண்கள் அந்தப் பூத்துக்குளியில் கோடு வரைந்துகொள்வதில்லை. நூலை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்பும் பின்னுகிறார்கள். உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். இத்தனை வருஷம் ஊசி பிடித்த எனக்கு அது கைவராது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. இறந்தவரைப் போர்த்தி அனுப்பும் துணியும் அதுதான். விலை கொடுத்து வாங்கிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் வருமானம். வேடமாக மட்டும் வேண்டாம். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படகர்கள் உடுத்தும் வெள்ளையும் அப்படித்தான். முகத்தில் கருமை பூசிக்கொண்டு 'பழங்குடி' ஆவதை நான் சொல்லித்தானா நீங்கள் தடுக்க வேண்டும்?

இடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மலை ரயில் தண்டவாளத்தில் நின்று எடுத்த படம் போட்டிக்கு வந்தால் பார்க்காமலே நீக்குங்கள். ரயில்வே சட்டப்படி அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சோலைக்காட்டுக்குள்ளும் புக வேண்டாம், கிளிட்டரும் வேண்டாம்; புல்வெளியில் உதிர்ந்ததை யார் பொறுக்குவது?

பழைய முறை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் எதிர்கால உடையில் போனார். தனக்கும் உடன்வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் தானே தைத்த உடைகள். தைக்க ஆசைப்படும் பிள்ளை தைக்கட்டும், அதற்குத் தனிப் பரிசு கொடுங்கள். காசு கொடுத்து வரவழைத்த உடையையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அடுத்த அறிவிப்பு ஒட்டும் முன் இதைப் பேசி முடிவு செய்யுங்கள். ஊக்கு, ரிப்பன், கச்சா தையலுக்கு நூல் எல்லாம் என் கடையில் சும்மா வாங்கிக்கொள்ளலாம். நடுவராக மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். மேடையில் நிற்கும் பாதிச் சட்டை நான் தைத்ததாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தையற்கார அக்கா
குன்னூர்