ஸ்டூல்காரரைப் பற்றி ஆடிட்டருக்கு

அன்புள்ள ஆடிட்டருக்கு,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சர்க்கரை இறங்கவில்லை. மகள் பிரசவத்துக்கு நெதர்லாந்தில் ஹேக் போய்த் திரும்பினோம். பேரன் என் மீசையைப் பார்த்தாலே வீறிடுகிறான்.

ஹேக் போகும் முன் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. ஆபீஸில் சின்னவன் என்று நாங்கள் கூப்பிடும் பையனுக்கு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள் அல்லவா? மீட்டிங்கில் நான் எழுந்து பேசிவிட்டேன். நீ 'முணுமுணுப்பு' என்று பெயர் வைத்த அதே நான்தான்! கைதட்டல் வேறு. மறுவாரம் அவனுக்குப் பரமக்குடிக்கு மாற்றல் வந்தது. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ரிடையர் ஆக எட்டு மாதம் இருக்கும் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நினைப்போடுதான் ப்ராக் போனேன். மாப்பிள்ளை மூன்று நாள் சுற்றிக் காட்டினார். அங்கே ஒரு பூங்காவுக்கு மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் என்று பெயர். டச்சுக்காரர் பெயர் இங்கே எதற்கு என்று கேட்டேன். ஸ்டூல் என்றால் அவர்கள் மொழியில் நாற்காலியாம். அந்தப் பெயரோடு அரசியலுக்கு வந்தவர் மந்திரி ஆகாமல் இருப்பாரா என்பாய். ஆனார்தான், 1973லும் 1981லும் வெளியுறவு மந்திரி. ஹேக் திரும்பியதும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மகள் சலித்துக்கொண்டாள்.

தொழிற்கட்சிக்காரர். கிரீஸில் 1967ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மனித உரிமைக்காக ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஐரோப்பிய கவுன்சிலுக்காக அங்கே நடப்பதை விசாரித்து அறிக்கை எழுதியவர். கடைசியில் அவரை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. 1969 டிசம்பரில், வெளியேற்றப்படும் முன் கிரீஸ் தானாகவே கவுன்சிலை விட்டு நழுவியது.

நான் சொல்ல வந்தது 1977. மந்திரியாக ப்ராக் போகிறார். அப்போது அது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர். அந்த ஜனவரியில்தான் சாசனம் 77 வெளிவந்திருந்தது, அரசே கையெழுத்துப் போட்ட மனித உரிமை ஒப்பந்தங்களை அரசே மதிக்கட்டும் என்று. அதன் பேச்சாளர்களில் ஒருவர் யான் பாதொச்கா, தத்துவப் பேராசிரியர், வயது 69. மார்ச் 1 அன்று ஹோட்டலில் ஸ்டூல் அவரைச் சந்தித்தார். கொஞ்ச நேரம்தான். ஜனாதிபதி ஹுசாக் உடனே தன் சந்திப்பை ரத்து செய்தார். மந்திரி விமானம் ஏறிவிட்டார். கிழவரைப் போலீஸ் மணிக்கணக்காக விசாரித்தது. ஆஸ்பத்திரி, அப்புறம் பக்கவாதம். மார்ச் 13 அன்று போய்விட்டார். அடக்கத்தின்போது பேச்சு கேட்கக் கூடாதென்று தலைக்கு மேல் ஹெலிகாப்டரைச் சுற்ற விட்டார்களாம். பாவிகள்.

அதைப் படித்த ராத்திரி தூங்கவில்லையடா.

அதற்குப் பிறகு ஸ்டூல் செய்த வேலையெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 1993ல், 68 வயதில், ஐரோப்பாவின் தேசியச் சிறுபான்மையினர் விவகாரத்துக்கு முதல் உயர் ஆணையர். எட்டு வருடம் அந்தப் பதவியில். படை இல்லை, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. போவார், இரு பக்கமும் கேட்பார், மந்திரிக்குக் கடிதம் எழுதுவார். எஸ்டோனியாவில் ரஷ்ய மொழி பேசுபவர்கள் விரட்டப்படுவோமோ என்று பயந்த 1993ல், வெளிநாட்டவர் சட்டத்தைத் திருத்த வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. மாசிடோனியாவில் அல்பேனியர்கள் தங்கள் மொழியிலும் படிக்க, தெடோவோவில் 2001ல் பல்கலைக்கழகம் திறக்க வைத்தார். மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. முணுமுணுப்பு என்று நீ கேலி செய்வாயே, அதையே ஒரு உத்தியோகமாகச் செய்தவர்!

நீ ரசிக்கும் கதை ஒன்று. டச்சு இளவரசர் கட்டப்போன அர்ஜென்டினாப் பெண்ணின் அப்பா, அந்த நாட்டில் தளபதி விதேலாவின் ராணுவ ஆட்சியில் விவசாயத் துறையைப் பார்த்தவர். கல்யாணத்துக்கு வராதீர்கள் என்று அவரிடம் பதமாகச் சொல்லிச் சம்மதிக்க வைக்கப் பிரதமர் அனுப்பியது இவரைத்தான். பெண்ணைப் பெற்றவரிடம்! நம் மாமா தூது போயிருந்தால் அன்றைக்கே அடிதடிதான். 2002 பிப்ரவரியில் பெண்ணின் அப்பா அம்மா இல்லாமலே கல்யாணம் நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாதொச்கா விவரம் தெரிந்துதான் அந்த ஹோட்டலுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் சாசனத்துக்காக எழுதினார். இதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. சின்னவனிடம் நான் கேட்கவே இல்லை, ஆடிட்டர். 'உனக்காகப் பேசட்டுமா' என்று ஒரு வார்த்தை. அவனும் அந்த அறையில்தான் இருந்தான். நான் பேசி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரியும். வருகிற சனிக்கிழமை பரமக்குடி போகிறேன். குழந்தைக்குக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீயும் வாயேன். மதுரையில் ஏறிக்கொள். காலை ஏழு மணி பஸ்.

இப்படிக்கு,
முணுமுணுப்பு