அணைத்த பிறகும் வேலை செய்யும் ஈ.எஸ்.சி.: ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்களின் புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய உரிமையாளர்கள் ஆறு பேர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஈ.எஸ்.சி. (கார் சறுக்கும்போது தனிச் சக்கரங்களை பிரேக்கால் பிடித்து நிலைப்படுத்தும் மின்னணு ஏற்பாடு) அணைப்பு பட்டன் சொன்னபடி வேலை செய்யாதது, பின் பிரேக் சூடேறித் தேய்வது, சர்வீஸ் சென்டர் தந்த ஆபத்தான யோசனை ஆகியவை குறித்து.

ஐயா,

ரேஸ் டிராக்கில் ஓட்டுவோர் ஈ.எஸ்.சி.யை முழுவதும் அணைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் விளம்பரக் கையேடு சொல்கிறது. உரிமையாளர் கையேட்டில் அதற்கான வழியும் இருக்கிறது. பட்டனை ஒருமுறை தட்டினால், சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும். கார் நிற்கும்போது 5 விநாடி அழுத்திப் பிடித்தால் ஈ.எஸ்.சி.யும் அணைந்து மஞ்சள் விளக்கு எரியும். ஆறு கார்களிலும் விளக்கு எரிகிறது. ஆனால் ஈ.எஸ்.சி. முழுவதும் அணைவதில்லை.

இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் டிராக்கில், காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் பதிவுக் கருவி மாட்டி, நான்கு சக்கரங்களின் வேகம், பிரேக் அழுத்தம், ஸ்டியரிங் கோணம் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறோம். கோளாறு தெளிவாகத் தெரியும் இடம் வளைவின் நுழைவாயில்.

வளைவுக்குள் போகும்போது பிரேக்கை ஒரேயடியாக விடாமல், ஸ்டியரிங் திரும்பும் அளவுக்கு ஏற்ப மிதியை மெல்லத் தளர்த்துவது டிராக் ஓட்டத்தின் அடிப்படை. எடை முன்சக்கரங்களின் மேல் நிற்கும். பின்பக்கத்தின் பிடி சற்றே இளகி, காரின் மூக்கு உள்ளே திரும்பும். ஓட்டுபவர் வேண்டுமென்றே செய்வது இது. ஆனால் மிதி அழுத்தம் அதிகமாகி ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு) ஒரு கணம் வேலை செய்துவிட்டால், தங்கள் ஈ.எஸ்.சி. அந்த இடத்திலேயே திரும்ப உயிர்பெறுகிறது. பின்பக்க இளகலைச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு, வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. மிதி தளர்ந்துகொண்டிருக்கும்போதே அந்த ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் விழுவதைப் பதிவில் பார்க்கலாம். அதற்குள் ஓட்டுநர் தன் பங்குக்கு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியிருப்பார். இரண்டு திருத்தமும் ஒன்றுசேர்ந்தால் கார் தேவைக்கு மேல் நிமிர்ந்து மறுபக்கம் வீசும். ஈ.எஸ்.சி. முழுதாக இருந்தால் ஓட்டுநர் அதை நம்பி ஓட்டுவார். அறவே இல்லாவிட்டால் தன் கையை நம்பி ஓட்டுவார். இல்லை என்று விளக்கு காட்டும்போது அது இடையில் புகுவதுதான் மிக ஆபத்தானது.

இரண்டாவது, பின் பிரேக். இந்தக் காரில் எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருவது பூட்டு இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல். வளைவிலிருந்து வெளியேறும்போது எடை குறைந்த உள்பக்கப் பின்சக்கரம் வெறுமனே சுழலப் பார்க்கும். அதை பிரேக்கால் பிடித்து, விசையை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளுவது தங்கள் மென்பொருள். சாலையில் நல்ல ஏற்பாடு. டிராக்கிலோ ஒவ்வொரு வளைவிலும், எஞ்சின் முழு விசையில் இருக்கும்போது, பிரேக் பேட் உராய்கிறது. டிஸ்க் விளிம்பில் வெப்பம் காட்டும் சாயம் பூசிப் பார்த்தோம். 430, 560, 610 டிகிரி செல்சியஸில் நிறம் மாறும் மூன்று கோடுகளில், முன் டிஸ்கில் முதல் கோடு மட்டும் மாறியது. பின் டிஸ்கில் மூன்றுமே மாறின. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது என்பதால் இது தலைகீழ். இரண்டு நாள் ஓட்டத்தில் பின் பேட் 11 மில்லிமீட்டரிலிருந்து 4-க்கு வந்துவிட்டது. முன் பேடில் இன்னும் 8 மிச்சம். தாங்கள் ஊற்றித் தரும் டாட் 4 பிரேக் ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி மட்டுமே. பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் பின் கேலிப்பரில் அது கொதித்து ஆவியானால் மிதி தரைவரை இறங்கிவிடும். பேட் தேய்மானத்துக்கு நாங்கள் வாரண்டி கேட்கவில்லை. பட்டனை அழுத்திய பிறகும் இந்த பிரேக் வேலை தொடரும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் எங்கள் குறை.

டயர்தான் காரணம், அலைன்மென்ட்தான் காரணம் என்று பதில் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறோம்: டயர்கள் கம்பெனி அளவே, எனவே முன் பின் சுற்றளவு விகிதம் மாறவில்லை. அலைன்மென்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரைத் தங்கள் கருவியாலேயே பூஜ்யம் செய்தோம். வலது வளைவிலும் இடது வளைவிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது மூன்றாவது விஷயம். இதையெல்லாம் காட்டியபோது, டிராக்குக்குப் போகும்போது ஏ.பி.எஸ். ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள் என்று தங்கள் சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். தயவுசெய்து இதை உடனே நிறுத்துங்கள். இந்தக் காரில் பின் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி வால்வு கிடையாது. அந்த வேலையை ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் இருக்கும் ஈ.பி.டி.தான் செய்கிறது. ஃப்யூஸ் போனால் ஈ.பி.டி.யும் போகும். கடுமையாக பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய, லேசான பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகும். நேர்ப்பாதையிலேயே கார் சுற்றிவிடும். சக்கர வேகத் தகவல் நின்றுபோவதால் ஸ்பீடாமீட்டரும் கியர்பாக்ஸும்கூடக் குழம்பும். ஃப்யூஸைத் திரும்பப் போட மறந்து ஒருவர் மழையில் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினால் என்ன ஆகும்? டிராக்கில் அணைக்க வேண்டியது ஈ.எஸ்.சி.யை, ஏ.பி.எஸ். எப்போதும் இருக்கட்டும்.

ஈ.எஸ்.சி.யை முழுவதும் அணைக்க விதிமுறை இடம் தராது என்று தாங்கள் விளக்கம் தந்தால் அதுவும் சரியல்ல. ஐ.நா.வின் 140-ஆம் எண் வாகன விதி அணைப்பு பட்டனை அனுமதிக்கிறது. விளக்கு எரிய வேண்டும், அடுத்த முறை இக்னிஷன் போடும்போது ஈ.எஸ்.சி. தானாகத் திரும்ப வேண்டும் என்றே அது கேட்கிறது. ஓட்டத்தின் நடுவில் உயிர்பெற வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

ஆகவே, 5 விநாடி அழுத்தத்துக்குப் பிறகு இக்னிஷன் நிற்கும்வரை ஈ.எஸ்.சி. அணைந்தே இருக்கும்படியும், ஏ.பி.எஸ்., ஈ.பி.டி. இரண்டும் மாறாமல் இருக்கும்படியும் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டும். உள்பக்கச் சக்கரத்தை பிரேக்கால் பிடிக்கும் வசதியைத் தனியாக அணைக்க வழி வேண்டும். முடியாதென்றால், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதை பிரேக் இல்லாமலே கட்டுப்படுத்தும் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலை விலைக்காவது கொடுங்கள். பட்டனின் ஒவ்வொரு நிலையிலும் எது அணையும், எது தொடரும் என்பதை எழுத்தில் தாருங்கள். அவசர பிரேக் உதவியும் தானியங்கி பிரேக்கும் அதில் இடம்பெற வேண்டும். முதல் வேலையாக, ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லக் கூடாது என்று எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். மற்றவற்றுக்கு நேரம் ஆகலாம். இதற்கு ஒரு நாள் போதும்.

30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரம் என்ற அடிப்படையில் தனித்தனியே புகார் தருவோம். ஒவ்வொரு காரின் விலையும் 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் என்பதால் அது மாநில ஆணையத்துக்குப் போகும். ஆறு கார்களின் பதிவுக் கோப்புகள், டிஸ்க், பேட் படங்கள், சர்வீஸ் சென்டர் ரசீதுகளின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உரிமையாளர்கள் ஆறு பேர்