சந்தேகப்படுகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள், சோதனையைத் திறந்து காட்டுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் திரு. ராப் மேன்ஃப்ரெட் அவர்களுக்கும், பேஸ்பால் வீரர் சங்கத்தின் தலைமைக்கும்,

வணக்கம்.

2022 அக்டோபரில் ஆரன் ஜட்ஜ் அந்த சீசனின் 62-வது ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ரோஜர் மாரிஸ் 1961-ல் படைத்த அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சாதனை உடைந்தது. அன்று இரவே நண்பர்களுக்குள் கிளம்பிய பேச்சு "என்ன அடி!" என்பதோடு நிற்கவில்லை. "மருந்து ஏதாவது இருக்குமோ?" என்பதில் போய் முடிந்தது. 2025-ல் சியாட்டில் கேட்சர் கால் ராலி 60 அடித்தபோதும் இதே கேள்விதான். இந்த இருவர் மேலும் ஒரு துளி ஆதாரம் கிடையாது. இருவரும் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆனாலும் யாராவது அளவுக்கு மீறி நன்றாக ஆடினால், கைதட்டுவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடுகிறது.

நான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிக்கும் தமிழன். இங்கே பேஸ்பால் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கிரிக்கெட்டோடு வளர்ந்த பெற்றோர், லிட்டில் லீக் ஆடும் பிள்ளைகள். நாங்கள் எங்கள் மொழியில் பேசிக்கொள்வதை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். ரசிகர்கள் சும்மா சந்தேகப்படுகிறார்கள் என்று உங்கள் தரப்பில் அவ்வப்போது அலுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை எங்களுக்குப் பழக்கியதே உங்கள் இரண்டு அமைப்புகளும்தான்.

1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. கோபித்துக்கொண்டு போன கூட்டத்தைத் திரும்ப அழைத்து வந்தது 1998 கோடைக்காலம். மார்க் மெக்வயரும் சாமி சோசாவும் மாரிஸின் 61-ஐத் துரத்தினார்கள். மெக்வயர் 70 அடித்தார், சோசா 66. அந்த ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஒருவர் மெக்வயரின் லாக்கர் அலமாரியில் ஒரு பாட்டிலைப் பார்த்தார். ஒளித்து வைத்ததுகூட இல்லை, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. லேபிளில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்று எழுதியிருந்தது. உடலுக்குள் போய் டெஸ்டோஸ்டீரோனாக மாறக்கூடிய பொருள். ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை. பேஸ்பாலில் மட்டும் தடை இல்லை, கடையில் யாரும் வாங்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பாட்டிலைப் பற்றி விசாரிப்பதற்குப் பதிலாக எல்லோரும் நிருபர் மேல் பாய்ந்தார்கள். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்ப்பது நாகரிகமா என்று கேட்டார்கள். அந்த நிறுவனத்தின் நிருபர்களை உடைமாற்றும் அறைக்குள்ளேயே விடக் கூடாது என்றார் அணியின் மேலாளர். பன்னிரண்டு வருடம் கழித்து, 2010 ஜனவரியில், 1998 உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்ததாக மெக்வயரே ஒப்புக்கொண்டார்.

விதியே இல்லை என்று அன்று நீங்கள் சொல்லவும் முடியாது. 1991-லேயே அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டும் தடைக்கு உட்பட்டது என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். தடை காகிதத்தில் இருந்தது, சோதனைதான் இல்லை. சோதனைக்கு வீரர் சங்கம் சம்மதிக்கவில்லை, லீக்கும் அதற்காகப் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. டிக்கெட் விற்றது, தொலைக்காட்சிப் பணம் வந்தது. 2002-ல் கென் கேமினிட்டி, 1996-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கிய சீசனில் ஸ்டீராய்டு எடுத்தேன் என்று ஒரு பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2003-ல் பெயர் வெளியிடாத முன்னோட்டச் சோதனை நடந்தது. ஐந்து சதவீதத்துக்கு மேல் மருந்து தென்பட்டதால், அடுத்த ஆண்டு முதல் முறையான சோதனை தொடங்கியது.

அந்தக் காலத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? பேரி பாண்ட்ஸின் 762 ஹோம் ரன்களும் சிறந்த பிட்சருக்கான (பந்து எறிபவர்) சை யங் விருதை ரோஜர் கிளமென்ஸ் ஏழு தடவை வாங்கியதும், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் மண்டபத்தின் வாசலிலேயே நிற்கின்றன. 2022-ல் பத்திரிகையாளர் வாக்கெடுப்பின் கடைசி வாய்ப்பில் பாண்ட்ஸுக்கு 66 சதவீதம், கிளமென்ஸுக்கு 65.2. தேவை 75. அந்த ஆண்டுகளில் கமிஷனராக இருந்த பட் சீலிக் மட்டும் 2017-ல் அதே மண்டபத்துக்குள் போய்விட்டார். பாண்ட்ஸுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்த நிர்வாகிக்குச் சிலை, மருந்து எடுத்த வீரனுக்குக் கதவடைப்பு என்றால், இந்தக் கணக்கு எங்களுக்கு ஒத்துவரவில்லை.

பாண்ட்ஸின் 756-வது பந்தை நினைத்துப் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 7 அன்று எங்கள் ஊர் மைதானத்தில் அடித்தது. ஹாங்க் ஆரனின் 755-ஐத் தாண்டிய பந்து. அதை ஓர் ஆடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, என்ன செய்யலாம் என்று இணையத்தில் ரசிகர்களிடமே வாக்குக் கேட்டார். இந்தச் சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்டும் நட்சத்திரக் குறி பொறித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பு என்பதற்குத்தான் அதிக வாக்கு விழுந்தது. குறியோடுதான் அது கூப்பர்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தது. லீக் எந்தத் தீர்ப்பும் எழுதாமல் விட்டதால், ரசிகர்களே பந்தின் தோலில் எழுதிவிட்டார்கள்.

ரசிகர்கள் எழுதும் தீர்ப்பு எப்போதும் நியாயமாக இருக்காது. இதை ரசிகனாகவே சொல்கிறேன். ஜெஃப் பேக்வெல் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை, பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி 2007-ல் வந்த மிட்செல் அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. புஜம் பெரிதாக இருந்தது, ஆடிய காலம் அந்தக் காலம், அவ்வளவுதான். ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக ஏழாவது வாக்கெடுப்பு வரை காத்திருந்தார். மைக் பியாஸாவின் முதுகில் பரு (ஸ்டீராய்டின் பக்கவிளைவாக வரக்கூடியது) இருந்ததையே ஆதாரமாக்கி எழுதினார் ஒரு மூத்த பத்திரிகையாளர். 2009-ல் 37 வயது ராவுல் இபான்யெஸ் திடீரென வெளுத்துக்கட்டியபோது சந்தேகம் கிளம்பியது. ரத்தம், சிறுநீர், முடி எது வேண்டுமானாலும் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் கொதித்துப்போய்ச் சொன்னார். டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வருகிற வீரர்கள் மேல் இந்தச் சந்தேகம் இன்னும் சுலபமாக விழுகிறது. வெள்ளைக்கார வீரன் முப்பத்தைந்து வயதில் நன்றாக ஆடினால் "உழைப்பாளி" என்கிற அதே வாய், கரீபியன் வீரனுக்கு வேறு காரணம் தேடுகிறது. இது அநியாயம். ஒழுங்காக ஆடுகிற வீரனை இந்தப் பழியிலிருந்து காப்பாற்றும் வழி உங்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு முதல் தடவை பிடிபட்டால் 80 ஆட்டம், இரண்டாவது தடவை 162, மூன்றாவது தடவை ஆயுள் தடை. அந்த ஆண்டு பிளேஆஃபிலும் ஆட முடியாது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மாதிரிகள் எடுக்கிறீர்கள். வளர்ச்சி ஹார்மோனுக்காக ரத்தமும் எடுக்கிறீர்கள். அமெரிக்காவின் மற்ற பெரிய தொழில்முறை லீக்குகளோடு வைத்துப் பார்த்தால் இது கடுமையான திட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சோதனையில் தேறிவிட்டார் என்பதால் மட்டும் நம்ப முடியாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது 2013-ன் பயோஜெனிசிஸ் விவகாரம். மியாமி பக்கத்தில், கோரல் கேபிள்ஸில் ஒரு கிளினிக். அதை நடத்திய ஆண்டனி பாஷ், பேஸ்பால் நட்சத்திரம் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு வாயில் போட்டுக் கரைக்கும் மிட்டாய் மாதிரி டெஸ்டோஸ்டீரோன் மாத்திரை கொடுத்ததாகச் சொன்னார். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் போட்டுக்கொண்டால், ஆட்டம் முடிந்து மாதிரி கேட்கும் நேரத்துக்குள் சுவடு இருக்காதாம். ரோட்ரிகஸை ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தது சோதனைக்கூடம் இல்லை. கிளினிக்கின் கையெழுத்துக் குறிப்பேடுகளை வெளியே கொண்டுவந்த ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகைதான்.

மில்வாக்கி அணி வீரர் ரயன் பிரான் கதையும் மறக்கவில்லை. 2011-ல் அவர் மாதிரியில் டெஸ்டோஸ்டீரோன் அளவு எகிறியிருந்தது. மாதிரி எடுத்த ஊழியர் அது வார இறுதி என்பதால் உடனே அனுப்பாமல் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்திருந்து திங்கட்கிழமை மான்ட்ரியல் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். முத்திரை உடையவில்லை. ஆனாலும் நடைமுறை தவறிவிட்டது என்று மேல்முறையீட்டை விசாரித்த மத்தியஸ்த நடுவர் (மைதான நடுவர் இல்லை) தண்டனையை ரத்து செய்தார். பிரான் பத்திரிகையாளர்களை அழைத்து அந்த ஊழியரின் நேர்மை மேலேயே சேறு வாரி இறைத்தார். லீக் சில மாதங்களில் நடுவரை நீக்கியது. 2013-ல் பிரான் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு அந்த ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டார். நடுவரின் தீர்ப்பு என்ன காரணம் சொன்னது என்பதை மட்டும் நீங்கள் இன்றுவரை முழுசாக வெளியிடவில்லை.

இதற்கு ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் சான் டியேகோவின் ஃபெர்னாண்டோ டடீஸ் ஜூனியருக்குக் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டுக்காக 80 ஆட்டத் தடை. படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் அது கலந்திருந்தது என்றார். மேல்முறையீடு செய்யவில்லை. உங்கள் அறிவிப்பில் மருந்தின் பெயரும் ஆட்ட எண்ணிக்கையும்தான் இருந்தன. எவ்வளவு கிடைத்தது, அவர் சொன்ன காரணம் அந்த அளவோடு பொருந்துகிறதா, எதுவும் தெரியாது. அதே மருந்து 2024 மார்ச்சில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் உடலில் இரண்டு தடவை தென்பட்டது. அங்கே தீர்ப்பு முழுவதையும் வெளியிட்டார்கள். எவ்வளவு குறைந்த அளவு, பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு எந்த ஸ்ப்ரேயைப் பயன்படுத்தினார், அது சின்னர் உடம்புக்கு எப்படிப் போனது, நிபுணர்கள் என்ன சொன்னார்கள் எல்லாம் அதில் இருந்தது. அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் நிறைய பேர். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே மேல்முறையீட்டுக்குப் போய், கடைசியில் மூன்று மாதத் தடையில் சமரசமானது. இருந்தாலும் சண்டை போட்டவர்கள் ஒரு ஆவணத்தை முன்னால் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். டடீஸ் விஷயத்தில் நம்புகிறவருக்கும் ஆதாரமில்லை, நம்பாதவருக்கும் ஆதாரமில்லை. அவர் திரும்பி வந்தபோது வெளியூர் மைதானங்களில் ரசிகர்கள் கத்தியதுதான் மிச்சம்.

ஆகவே எங்கள் கோரிக்கை. தடை உறுதியானதும், வீரர் ஒப்புக்கொண்டாலும் சரி, நடுவரிடம் போனாலும் சரி, அளவும் காரணமும் வாதமும் அடங்கிய முடிவை வெளியிடுங்கள். மருத்துவ அந்தரங்கத்தை மறைத்துவிட்டுத் தாராளமாக வெளியிடலாம். அடுத்தது, ஒவ்வொரு வீரரும் ஆண்டில் எத்தனை தடவை சோதிக்கப்பட்டார் என்ற எண்ணிக்கை. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஒலிம்பிக் வீரர்களுக்கு இதைப் பெயரோடு இணையத்தில் போடுகிறது. நீங்கள் ஆண்டு இறுதியில் மொத்த எண்ணிக்கை மட்டும் தருகிறீர்கள். ஜட்ஜ் 62 அடித்த ஆண்டில் அவரிடம் எத்தனை தடவை மாதிரி எடுத்தீர்கள் என்று தெரிந்திருந்தால், எங்கள் பேச்சு பாதியிலேயே நின்றிருக்கும். இதில் முதலில் பயனடைவது சுத்தமாக ஆடும் வீரர்கள்தான். அதனால் வீரர் சங்கம் இதை எதிர்க்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2003 முன்னோட்டச் சோதனையில் சிக்கியவர்களின் பட்டியலைக் கேட்கவில்லை. பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்து எடுத்த மாதிரிகள் அவை. அந்த வாக்கு மீறப்பட்டதே தவறு. பாஸ்டன் நட்சத்திரம் டேவிட் ஓர்டிஸ் பெயர் அதிலிருந்து கசிந்தது. அந்தப் பட்டியலில் சில முடிவுகள் அறிவியல் ரீதியாகச் சந்தேகத்துக்குரியவை என்று 2016-ல் கமிஷனர் நீங்களே சொன்னீர்கள். அரைகுறையாகக் கசிகிற தகவல் ஒரு மனிதரை எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இது பெரிய ஆட்டக்காரர்களோடு முடிகிற விஷயமும் இல்லை. பள்ளி அணியில் பிட்சராக இருக்கிற என் நண்பரின் மகன் போன மாதம் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கி வந்தான். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை விளக்கடியில் லேபிளைப் படித்தார். விளையாட்டு வீரர்களுக்கென்று சோதித்ததற்கான என்.எஸ்.எஃப். முத்திரை இருக்கிறதா என்று தேடினார். உங்கள் அணிகள் வீரர்களுக்குக் கொடுக்கும் சப்ளிமென்டுகளில் இருக்க வேண்டிய அதே முத்திரை. அதில் இல்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "பெரிய லீகில் எல்லாரும் ஏதோ ஒன்று எடுக்கத்தானே செய்கிறார்கள்" என்றான் பையன். எல்லாரும் எடுப்பதில்லை என்று நண்பர் நம்புகிறார், நானும் நம்புகிறேன். ஆனால் அவனிடம் காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

கடைசியாக அவசரமான ஒன்று. 2021 டிசம்பரில் தொழில் ஒப்பந்தம் காலாவதியாகி, முதலாளிகள் கதவடைப்பு செய்தபோது, ஊக்கமருந்துச் சோதனையும் சேர்ந்து நின்றது. சோதனைத் திட்டமும் அதே ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். 2022 மார்ச் 10 வரை, வீரர்கள் தசை ஏற்றும் குளிர்கால மாதங்களில், மூன்று மாதத்துக்கு மேல் ஒரு மாதிரிகூட எடுக்கவில்லை. சம்பளத்துக்காக நீங்கள் இருவரும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், அது உங்கள் உரிமை. இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதற்கு முன்பே, கதவடைப்பு வந்தாலும் வேலைநிறுத்தம் வந்தாலும் சோதனை மட்டும் நிற்காது என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் இதைப் பேரத்துக்கு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து
ஒரு பேஸ்பால் ரசிகன்